அண்டா கழுவிய வள்ளம்

ஜனவரி 9, திங்கள்

வெறும் வயிற்றில் சுகர் 214. டாக்டரம்மா இந்த டைரியைக் கொடுத்து, தினமும் சுகர் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வருஷமாக பேக்கரியில் முந்திரியும் சீனியும் அடித்துக் கூம்பு கூம்பாக மக்ரூன் போடுகிறவனுக்குச் சர்க்கரை வந்தால் அது வியாதி இல்லை டாக்டரம்மா, சம்பளத்தோடு வந்த போனஸ் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்.

சாப்பிட்டது: இட்லி மூன்று. நடந்தது: பேக்கரிக்குப் போக, வர. மக்ரூன் சாப்பிடவில்லை. உடைந்துபோன ஒன்று இதில் சேராது.

ஜனவரி 10, செவ்வாய்

சுகர் 209. இட்லி மூன்று.

ஜனவரி 13, வெள்ளி

சுகர் பார்க்கவில்லை. இன்று ஒரு வள்ளம் வாங்கினேன்.

எழுதிவிட்டு நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஆமாம், வள்ளம்தான். பாய் கட்டி ஓட்டுகிற சின்ன வள்ளம், பதினாறு அடி. கல்யாண மண்டபத்தில் மக்ரூன் டப்பா இறக்கப் போன இடத்தில், சமையல்கட்டுக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பி பிரியாணி அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இது வள்ளமில்லா?" என்றேன் மேனேஜரிடம்.

"தொட்டி அண்ணாச்சி. ஒரு சொட்டு வெளிய போவாது."

யோசித்தேன். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே போகாது என்றால் வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வராது. விஞ்ஞானத்தில் முப்பத்தாறு மார்க் வாங்கியவனுக்கு இதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை.

பாய்மரம் இல்லை, பாய் இல்லை, திருப்புகிற சுக்கான் இல்லை, பாயை ஏற்றுகிற கப்பி, கயிறு எதுவும் இல்லை. எல்லாம் பழையதாகத் தேடி வாங்க வேண்டும். அந்த மாதிரிச் சாமான் விற்கிற கடை திரேஸ்புரத்தில் ஒன்று இருக்கிறது. கஸ்பார் கடை. கஸ்பார் என் சம்மந்தி. அது தற்செயல்.

ஜனவரி 14, சனி

வள்ளம் லோடு ஆட்டோவில் வந்தது. எங்கள் சந்து அதைவிட ஒரு சாண் குறுகல். பக்கவாட்டில் சாய்த்து, எதிர்வீட்டு ஜன்னல் கதவைக் கழற்றி, மறுபடி மாட்டி, எங்கள் வாசலில் இறக்கினோம். இனிமேல் வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் வள்ளத்தில் ஏறி இறங்க வேண்டும்.

என் மனைவி எலிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒங்களுக்கு கடல்ல என்ன வேல? மணப்பாட்டுக்கு பஸ்ல போவும்போது ஜன்னல் வழியா கடலப் பாத்தே வாந்தி எடுத்த ஆளு."

"அது பஸ் வாந்தி."

மகள் ஜோஸ்லின் வள்ளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எது அதிகம் பழசு என்று பார்த்த மாதிரி இருந்தது.

அவள் அக்டோபரிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். குடும்ப விஷயம் எழுத டாக்டரம்மா சொல்லவில்லை. இருந்தாலும் சுகருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

சம்மந்தி கஸ்பார் நல்ல மனுஷன். ஒரே ஒரு கோளாறு. யார் வந்து எதைக் கை காட்டினாலும் விற்றுவிடுவார். உட்கார்ந்திருக்கிற நாற்காலியை விற்றுவிட்டு நின்றுகொண்டு மீதிச் சில்லறை கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. அக்டோபரில் ஒரு நாள் ஜோஸ்லின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், அவளுடைய தையல் மெஷினை யாரோ எட்டிப் பார்த்து "இது கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள். விற்றுவிட்டார். அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜாக்கெட் தைத்துச் சேர்த்த சொந்தப் பணத்தில் வாங்கிய, காலால் மிதிக்கிற மெஷின். அவளுக்குச் சோறு மாதிரி அது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவள் புருஷன் ரூபன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன், அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடு ஜோஸு, வேற வாங்கிக்கலாம்" என்றிருக்கிறான். அன்றைக்கே பெட்டியோடு வந்துவிட்டாள்.

வந்த அன்று என்னிடம் சொன்னது: "அந்த மெஷின் திரும்பி வரணும். அவுக கையால வரணும். யப்பா, நீ எங்கயாவது தேடி வாங்கிட்டு வந்து வச்சன்னா தொடக்கூட மாட்டேன்."

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் பெண் வீட்டுக்காரர்கள் போய் அந்த வாசலில் நிற்கக் கூடாது. அவர்கள் பக்கத்திலும் அதே சட்டம், திருப்பிப் போட்டது. ஆகவே மூன்று மாதமாக யாரும் எங்கும் போகவில்லை.

சுக்கான் வாங்குகிறவன் எந்தக் கடைக்கும் போகலாம்.

ஜனவரி 18, புதன்

சுகர் 198. நடந்தது: திரேஸ்புரம் வரை.

"வாங்க சம்..." என்று எழுந்த கஸ்பார் பாதியில் நிறுத்தி, "...அண்ணாச்சி" என்று முடித்தார்.

"ஒரு சுக்கான் வேணும்."

"யாருக்கு?"

"என் வள்ளத்துக்கு."

கஸ்பார் உட்கார்ந்தார். பிறகு வியாபாரியாகி, "எத்தன அடி வள்ளம்?" என்றார்.

டீ சொன்னார். சம்மந்திக்கு வெறும் டீ கொடுத்து அனுப்பினால் கேவலம், சோறு போட வேண்டும். வாடிக்கையாளருக்கு டீ தாராளம். அதனால் குடித்தேன். சீனி வேண்டாம் என்றதும், "சுகர் கூடிட்டா?" என்றார். அது வாடிக்கையாளரிடம் கேட்கிற கேள்வி இல்லை. "ரூபன் ஒழுங்கா சாப்பிடுதானா?" என்றேன். அது சுக்கான் வாங்குகிறவன் கேட்கிற கேள்வி இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 19, வியாழன்

சுக்கான் பொருந்தவில்லை. நான் அளந்து சொன்னதில் தவறு.

ஜனவரி 24, செவ்வாய்

சுகர் 201. சுக்கானை மாற்றினேன். இந்தமுறை கஸ்பார் அதை மாட்டுகிற கீலைக் கொடுத்தார், கீலுக்குள் போகிற ஆணி அடுத்த வாரம் வரும் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு டப்பா நிறைய அதே ஆணி இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அவ... வீட்ல எல்லாரும் சொகந்தான?" என்றார்.

"எல்லாரும் சொகம். ரெண்டு ஜாக்கெட் கையால தைச்சா."

"கையாலயா..." என்றவர் எழுந்துபோய் இல்லாத எதையோ தேடினார்.

ஜனவரி 31, செவ்வாய்

ஆணி வாங்கினேன்.

பிப்ரவரி 2, வியாழன்

இரண்டாவது சுக்கானும் பொருந்தவில்லை. அரை அங்குலம். அளவு விஷயத்தில் நான் இவ்வளவு மோசம் என்று எனக்கே தெரியாது.

பிப்ரவரி 7, செவ்வாய்

மூன்றாவது சுக்கான் பொருந்திவிட்டது. ஏமாற்றமாக... (இந்த வரியை அடித்துவிட்டேன்.) பாய்மரம் கேட்டேன்.

கஸ்பாரிடம் ஒரு மரம் இருந்தது, இருபத்திரண்டு அடி. எந்த ஆட்டோக்காரரும் ஏற்ற மாட்டேன் என்றார். முன்பக்கம் என் தோளில், பின்பக்கம் கஸ்பார் தோளில். திரேஸ்புரத்திலிருந்து மட்டக்கடை வரை ஒரே மரத்தில் இரண்டு பேர் நடந்தோம். நடுவில் இருபது அடி இடைவெளி இருந்ததால் பேச முடியவில்லை. அது சௌகரியம். முனையில் நான் திரும்பினால் அவர் இன்னும் பழைய தெருவிலேயே இருந்தார். ஒரு போலீஸ்காரர் எங்களுக்காக பஸ்ஸை நிறுத்தினார்.

எங்கள் தெருமுனை வந்ததும் மரம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கஸ்பார் தன் முனையைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு, "இதுக்கு மேல நீங்க இழுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். அதற்கு மேல் பெண் வீட்டுத் தெரு.

தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோஸ்லின் கேட்டாள்.

"பின்னால தூக்கிட்டு வந்தது யாருப்பா?"

"தெரியாத ஆளு."

"தெரியாத ஆளு எங்க மாமா சட்டயப் போட்டுட்டு நிக்கான்."

பிப்ரவரி 12, ஞாயிறு

பாய்மரத்தை நட்டோம். எதிர்வீட்டு டீச்சரின் கேபிள் அறுந்தது. இப்போது அவர் பாய்மரத்தில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். சமரசம்.

பிப்ரவரி 18, சனி

சுகர் 188. டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "என்ன செய்றீங்க?" என்றார். "சுக்கான் மாத்துறேன்" என்றேன்.

இன்று பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை. பஞ்சைத் திணித்து, மேலே குங்கிலியக் கூழ் பூச வேண்டும். கத்தியால் பூசினால் பாதி என் மேல்தான் விழுந்தது. பேக்கரியிலிருந்து மக்ரூன் பிழிகிற கூம்பைக் கொண்டுவந்தேன். பிரமாதமாக வந்தது. ஒரே ஒரு சங்கடம், முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் கை தானாக நின்று நின்று, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கூம்பு வைத்துவிட்டது. வள்ளத்தின் அடிவயிற்றில் இப்போது எழுபது கறுப்பு மக்ரூன்.

ஜோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்டோபருக்குப் பிறகு இன்றைக்குத்தான். பிறகு அவளும் ஒரு கூம்பை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"யப்பா, இது எப்ப முடியும்?"

"என்ன அவசரம்? நெறைய வேல கெடக்கு."

"அப்படி என்ன வேல?"

"பாய் இருக்கு... பெயிண்ட் இருக்கு... பெறகு பெயிண்ட் காயணும்."

பலகைக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு கூம்பு விழுந்தது. "அவுக ஒங்கிட்ட எதாவது சொன்னாவளா?" என்றாள்.

"யாரு?"

"ஒண்ணுமில்ல. பிழி."

பிப்ரவரி 24, வெள்ளி

கஸ்பாரிடம் பாய் கேட்டேன். இல்லை என்றார். மூலையில் மூன்று பாய் சுருட்டிக் கிடந்தது. அது என்ன என்றேன். அது ஓட்டை என்றார்.

"புன்னைக்காயல்ல சந்தியாகுன்னு ஒரு மேஸ்திரி பாய் தைக்காரு. அங்க போங்க." கண் தரையில் இருந்தது. "நீங்களே போங்க. போயி... எல்லாத்தயும் ஒரு பார்வ பாத்துட்டு வாங்க."

வந்த வாடிக்கையாளரை வேறு கடைக்கு அனுப்புகிற கஸ்பாரை இன்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 25, சனி

புன்னைக்காயல் போனேன். பஸ்ஸில் கடல் தெரியாத பக்கம் உட்கார்ந்தேன்.

சந்தியாகு மேஸ்திரி ஓலைக்கொட்டகையில் மலை மாதிரித் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சக்கரத்தில் ரோஸ் நிற நகப்பாலிஷில் ஒரு பொட்டு. ஊசி மேலே நிற்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. வைத்தவள் என் வீட்டு மாடியில் இருக்கிறாள்.

நல்ல மெஷின் என்றேன். தங்கம் என்றார். "திரேஸ்புரத்துல வாங்குனேன். வித்த ஆளே ரெண்டு தடவ வந்து திருப்பிக் கேட்டாச்சு. ரூவாயா வேண்டாம்னுட்டேன். எங்கிட்ட ரூவா இருக்கு, வள்ளம் இல்ல. பழைய வள்ளம் புயல்ல போயிட்டு. பாய் கட்டுன ஒரு வள்ளத்தக் கொண்டு வந்து நிறுத்து, மெஷின எடுத்துக்கோன்னு சொன்னேன். அந்த ஆளுகிட்ட அம்பது வள்ளத்துக்குச் சாமான் இருக்கு. ஒரு முழு வள்ளம் இல்ல."

ஒரு பாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வள்ளத்தில் வேலை பாக்கி இருக்கிறது. பெயிண்ட் காயட்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

பெயிண்ட் முதல் பூச்சு.

மார்ச் 1, புதன்

காய்கிறது.

மார்ச் 2, வியாழன்

நிறம் பிடிக்கவில்லை. சுரண்டினேன்.

மார்ச் 4, சனி

நான் எலிசா எழுதுகிறேன். இவர் கண்ணாடியைத் தேடி இந்த டைரியைத் திறந்தேன். பிறகு முழுதும் வாசித்தேன். கண்ணாடி இதற்குள் இல்லை.

டாக்டரம்மா இதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும். இவர் சுக்கானுக்கு டேப் வைத்து மூன்று தடவை அளந்ததை நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். சரியாகத்தான் அளந்தார். சீட்டிலும் சரியாகத்தான் எழுதினார். கடையில் போய் மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதுவரை, சம்மந்தியைப் பார்க்கப் போகிறார் என்று இருந்தேன். இப்போது காய்ந்த பெயிண்டையும் சுரண்டுகிறார் என்றால் வேறு என்னவோ.

வள்ளம் முடிந்தால் மெஷின் வரும். மெஷின் வந்தால் பிள்ளை போவாள். அவ்வளவுதான் விஷயம். இந்த மனுஷன் ஒரு கையால் கட்டி இன்னொரு கையால் சுரண்டிக்கொண்டு இருக்கிறார்.

காலையில் இரண்டு உடைந்த மக்ரூன் சாப்பிட்டார். அதையும் எழுதவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

அடுத்தவர் டைரியை வாசிப்பது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை. மக்ரூன் ஒன்றுதான். மற்றதற்குப் பதில் எழுத இடம் போதாது.

பூசைக்குப் போனேன். சுகர் 231.

மார்ச் 6, திங்கள்

கஸ்பார் கடை. ஒன்றும் வாங்கவில்லை.

"மேஸ்திரியப் பாத்தேன். மெஷினயும் பாத்தேன். வள்ளம் முடிஞ்சிட்டு" என்றேன்.

அவர் கையில் இருந்த கப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நான் மனுசனே இல்ல அண்ணாச்சி. ஒருத்தன் ஒரு பொருளக் காட்டி கெடைக்குமான்னு கேட்டா, எனக்கு வாயி 'கெடைக்கும்'னுதான் போவுது. அவன் மெஷினத் தூக்கிட்டு தெருவத் தாண்டுனப்பொறவுதான் இது யாரு மெஷின்னு தோணிச்சு."

"தெருமுனை வரைக்கும் மரம் தூக்கிட்டு வந்தியளே, இன்னும் அம்பது அடி வந்திருக்கலாம்."

"எந்த மூஞ்சிய வச்சிட்டு வர?"

"சாமான் வாங்க வர்றவனுக்கு மூஞ்சி எதுக்கு?" என்றேன்.

அவர் கப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

மார்ச் 8, புதன்

காலை பத்தரைக்கு வாசலில் செருமல் சத்தம். கஸ்பார், பின்னால் ரூபன். இரண்டு பேரும் வள்ளத்துக்கு வெளியே நின்றார்கள். கஸ்பார் மாதா திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த வள்ளம் விலைக்குக் கெடைக்குமா?"

என் வாய் வேறு எதையோ சொன்னது. "வேல இன்னும் முடியலயே. சுக்கான் லேசா ஆடுது."

"ஆடல" என்று கதவிலிருந்து சத்தம். ஜோஸ்லின். "நேத்து நான் ஆட்டிப் பாத்தேன்."

எலிசா வெளியே வந்தாள். "வாங்க வந்தவுக வெளியவே நின்னா வெல பேசுவாக? ஏறி உள்ள வாங்க." கஸ்பார் வேட்டியை மடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். ரூபனும் வந்தான். இளைத்திருந்தான்.

"ரூவாயெல்லாம் வேண்டாம். மெஷின் வந்தாப் போதும்" என்றேன்.

"மெஷின் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றாள் ஜோஸ்லின்.

நான் தரையைப் பார்த்தேன். கஸ்பார் தரையைப் பார்த்தார். ரூபனும் பார்த்தான். எங்கள் தரையில் அவ்வளவு பார்க்க ஒன்றுமில்லை.

"மூணு பேருக்கும் தெரியுமா! எங்கிட்ட சொல்ல ஒருத்தருக்கும் வாயில்ல. மாமாவாவது வித்தாக. நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சிய?" என்னையும்தான் சேர்த்துக் கேட்டாள். நியாயம்.

ரூபன் எழுந்து நின்றான். "நான் கொண்டு வாரேன் ஜோஸு. வள்ளத்த நானே ஓட்டிட்டுப் போறேன்."

"கொண்டு வந்தா மட்டும் போதாது."

"வேற என்ன செய்யணும்?"

"அதயும் நானே சொல்லிக் குடுக்கணுமா? கடல்ல போவும்போது யோசிச்சிட்டே போங்க."

எலிசா சோறு போட்டாள். கஸ்பார் சாப்பிட்டார். வாடிக்கையாளருக்குச் சோறு போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மார்ச் 16, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குத் திரேஸ்புரம் கரையிலிருந்து கிளம்பினோம். வடக்கிலிருந்து காற்று. தெற்கே புன்னைக்காயலுக்குச் சுகமாகக் கொண்டுபோய்விடும் என்றான் ரூபன். சுக்கானில் ரூபன், கயிற்றில் கஸ்பார், பாரத்துக்கு நான். முப்பது வருஷமாக வள்ளச் சாமான் விற்கிற கஸ்பார் கடலில் போவது இதுதான் முதல்தடவை என்று கரையை விட்ட பிறகுதான் சொன்னார். எந்தச் சாமானைக் காட்டினாலும் விலை சொன்னார். எதை இழுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கயிற்றை இழுத்தார், பாய் சரிந்து என் தலையில் விழுந்தது. அதன் இருட்டுக்குள்ளேயே நான் முதல் வாந்தி எடுத்தேன்.

துறைமுகத்தைத் தாண்டியதும் காலடியில் ஈரம். பத்து நிமிஷத்தில் கணுக்கால். மேனேஜர் சொன்னது பொய் இல்லை, தண்ணீர் வெளியே போகவே இல்லை. நானும் கஸ்பாரும் வாளியால் இறைத்தோம். நான் இறைத்ததில் பாதி தண்ணீர் இல்லை.

அப்போதுதான் ஒரு ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது. மீன்காரர்கள் நாலு பேர். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதில் ஒருவர் பாய்மரத்து உச்சியைக் கை காட்டினார். "அந்தக் கப்பி பித்தளயா? கெடைக்குமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கஸ்பாரின் கை கப்பிக் கயிற்றுக்குப் போனது. "கெடை..." என்று வாயும் போனது. அந்தக் கப்பி போனால் பாய் கீழே. பாய் கீழே போனால் நாங்களும்.

"யப்பா! கைய எடுங்க!"

ரூபன்தான். அந்தச் சத்தம் கிரேனிலிருந்து கப்பலுக்குக் கேட்கிற சத்தம். கஸ்பார் கையை எடுத்துவிட்டார்.

"அது ஒங்க பொருள் இல்ல. யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லுங்க. என்னயக் கேக்காம, அவளக் கேக்காம இனிமே எங்க வீட்டுல இருந்து ஒரு ஊசி வெளிய போவக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது" என்றார் கஸ்பார், சின்னக் குரலில். பிறகு அந்தப் படகுக்காரரைப் பார்த்து, "கெடைக்காது" என்றார். சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "கெடைக்காதுய்யா!"

நான் கைதட்டியிருப்பேன். ஒரு கையில் வாளி, ஒரு கை வயிற்றில்.

கடைசி நாலு கிலோமீட்டர் அந்த மீன்காரர்கள்தான் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். மேஸ்திரி வள்ளத்தைச் சுற்றி வந்தார். அடிப்பக்கம் குனிந்து பார்த்து, "இது என்னய்யா வரிசயா?" என்றார். மக்ரூன் என்றேன். ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மரம் நல்ல மரம். ஒழுக்க நானே அடைச்சுக்கிடுதேன். பாய் கட்டுன வள்ளம்தான கேட்டேன், கரைக்கு வந்துட்டுல்லா" என்று கொட்டகைக்குள் போய் மெஷினுக்குத் துணியால் தூசி தட்டினார்.

திரும்பி வந்தது பஸ்ஸில். மெஷினின் தலையை ரூபன் மடியில் வைத்திருந்தான். இரும்புக் காலுக்கு நானும் கஸ்பாரும் ஆளுக்கொரு பக்கம். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

ஜோஸ்லின் வாசலில் நின்றாள். ரூபன் தெருமுனையிலிருந்து மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியதால் கடலில் பேசியதை நான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை.

"இவுகளா சொன்னாக?"

"ஆமா."

"சத்தமாவா?"

"மீன்காரனுவ நாலு பேரும் சிரிப்ப நிறுத்திட்டானுவ."

அவள் மெஷினை வாங்கி, இரும்புக் காலில் பூட்டி, எண்ணெய் விட்டு, நூல் கோத்தாள். ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்து, "பாயத் தைச்சு தைச்சு நூல் இழுப்பக் கெடுத்து வச்சிருக்காக" என்று திருகினாள். மறுபடி ஓட்டினாள். நாங்கள் மூன்று பேரும் உப்புப் பூத்துப்போய், பரீட்சை எழுதியவர்கள் மாதிரி வரிசையாக நின்றோம்.

அரை ஜாக்கெட் முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்.

"சனிக்கெழம வீட்டுக்கு வாரேன். மெஷின் வராது."

"ஏன் ஜோஸு?" என்றான் ரூபன்.

"மாமா இன்னைக்குத்தான் ஒரு தடவ 'கெடைக்காது'ன்னு சொல்லியிருக்காக. ஒரு நூறு தடவ சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம். அது வரைக்கும் மெஷின் இங்கன இருக்கட்டும். காலைல இங்க வந்து தைச்சிட்டு சாயந்திரம் அங்க வருவேன்." அதன் பிறகுதான் நிமிர்ந்தாள். ரூபனை இல்லை, என்னைப் பார்த்தாள். "இங்க இருக்கலாம்லாப்பா? எடைஞ்சலா இருக்காதுல்ல?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எலிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 18, சனி

போய்விட்டாள். பெட்டி ஒன்று, பை இரண்டு.

வாசல் அகலமாக இருக்கிறது. நேராக உள்ளே போய்விட முடிகிறது.

மார்ச் 20, திங்கள்

பேக்கரி வேலை முடிந்து காலை ஒன்பதுக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். பால்காரர் வருகிறாரா என்று வாசலில் நின்று பார்த்தேன். பால்காரர் ஆறு மணிக்கே வந்து போய்விட்டார் என்றாள் எலிசா. இருந்தாலும் நின்றேன்.

பத்து மணிக்கு ரூபன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். சாயந்திரம் ஐந்தரை வரை மெஷின் சத்தம்.

மார்ச் 22, புதன்

சுகர் 176. வந்தாள். பதினொன்றுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். தண்ணியாக இருக்கிறது என்றாள்.

மார்ச் 25, சனி

இன்று ஒரு கல்யாண ஆர்டர். ஆறு ஜாக்கெட். அவள் முடிக்க முடிக்க நான் கொக்கி தைத்தேன். நான்கைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பிரித்துத் தரச் சொன்னாள். பிரிப்பதற்கு அதிக நேரம் ஆனது. நல்ல வேலை.

ஐந்தரைக்குப் பைக் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள்.

"நாளைக்கு பத்து மணிக்குத்தான?" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமப்பா."

அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமையை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்களே, அந்தமட்டில் நல்லதுதான்.